வீணை மருந்தாம், பறை தீட்டாம்

மனசு சரியில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். முதலில் ஓசை: கண்ணை மூடிப் படுக்கவைத்து வீணையோ ஓங்காரமோ கேட்கவைப்பது. பிறகு பேச்சு: ஆலோசகர் எதிரே உட்கார்ந்து, மனசில் கிடப்பதைச் சொல்லவைப்பது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பதற்றமும் மனச்சோர்வும் குறையுமாம். குறையட்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. வழக்கமான சிகிச்சையோடு இசையையும் சேர்த்தால் குறுகிய காலத்திலாவது மனச்சோர்வு கூடுதலாகக் குறைகிறது என்றுதான் 2017-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. நோய் என்றால் மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும். ‘இதெல்லாம் பணக்காரன் வியாதி’ என்று சேரிக்குள்ளேயே பேசித் திரிகிறவர்களோடும் நமக்குச் சண்டை உண்டு.

நம் கேள்வி வேறு. யாருடைய ஓசை? கேட்கிற காது யாருடையது?

ஏனாத்தூரையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். மருத்துவக் கல்லூரி, கலைக் கல்லூரி எல்லாம் இருக்கிறது. 1993-இல் உருவான சங்கர மடத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அதற்குப் பெயராகி நிற்கும் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, வருண தருமத்தை நியாயப்படுத்திப் பேசியவர். இந்த மாதிரி ஊர்களின் கல்லூரிகளுக்குத்தான் கூலித்தறி நெய்கிறவர் மகளும், நூறுநாள் வேலைக்குப் போகிறவள் மகனும் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து சேர்கிறார்கள். இங்கே ‘ஓசை வைத்தியம்’ என்று ஒன்று வந்தால் எந்த ஓசை முதலில் உள்ளே வரும், எது வாசலிலேயே நிற்கும் என்பதைச் சொல்லவும் வேணுமா?

வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊத்தச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரன் காதுக்கே அந்தக் கதி என்றால், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம்ம காதுக்கு? அதே காதுக்குத்தான் இன்னைக்கு மந்திரம் மருந்தாகி வருகிறது. ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மருந்தை மட்டும் நீட்டினால் எப்படி வாங்கிக்கொள்வது?

ஓசையையும் பேச்சையும் சேர்ப்பது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்கிறார்கள். நம்ம ஆத்தாக்களின் ஒப்பாரி வேறென்ன? அழுகையும் ராகமும் குற்றச்சாட்டும் ஒரே மூச்சில் வரும். உயிரோடு இருந்தபோது கேட்க முடியாததையெல்லாம் பிணத்தின் முன்னால் பேர் சொல்லிக் கேட்பாள். கூட உட்கார்ந்தவள் கட்டிப்பிடித்து எதிர்க்குரல் கொடுப்பாள். தனியறை இல்லை, கட்டணம் இல்லை. வெளியே பறை அதிரும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளில் பறையையும் வைத்தது. பின்னால் வந்த சாதி அதைச் சாவு மேளமாக்கித் தீட்டு என்றது. அடிமை வேலையாக அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும் நாம்தான். அதற்காகவே பிரச்சாரம் செய்தார் இளையபெருமாள். 90-களில் தலித் கலைவிழா மேடைகளில் அதையே விடுதலைக் கருவியாக ஏற்றியதும் நாம்தான். தீயில் காய்ச்சினால்தான் தோல் பேசும் என்பது அடிக்கிறவனுக்குத் தெரியும். ஆனால் ஆலோசனை அறையின் ஒலிநாடாவில் அதற்கு இடம் இல்லை.

சரி, பேச்சுக்கு வருவோம். என்ன கஷ்டம் என்று கேட்கிறார் ஆலோசகர். அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? “ஹாஸ்டல்ல எங்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்குறாங்க மேடம். கோட்டாவுல வந்தவன்னு சார் கிளாஸ்லயே சொல்றாரு. ஸ்காலர்ஷிப் இன்னும் வரல.” இதற்கு என்ன பதில்? “அதையெல்லாம் விடும்மா, மூச்சை இழுத்து விடு, பாசிட்டிவா நினை.” சாதி என்ற சொல் வாயிலிருந்து வந்த உடனே கேட்கிற காது மூடிக்கொள்கிறது. பிறகு அது என்ன பேச்சு வைத்தியம்?

சேலம் மாவட்டத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போனவர் செந்தில்குமார். அவருக்கு வழிகாட்டிப் பேராசிரியரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா. மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை, ஏழு மாதமாக வரவில்லை. மொத்தம் 1,75,000 ரூபாய். விடுதியை விட்டும் துரத்தினார்கள். இந்த 1,75,000 ரூபாய் பாக்கிக்கு எந்த ராகம் மருந்து? எத்தனை மண்டலம் கேட்கவேண்டும்?

எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வாய்மொழித் தேர்விலும் ஒதுக்கப்பட்டதைத் தோரட் குழு 2007-இலேயே எழுதிக் கொடுத்தது. எல்லா நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்று 2012-இல் யு.ஜி.சி. விதி போட்டது. அந்த விதிக்குப் பிறகுதான் ரோகித் செத்தார். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் ஆலோசகராவது வேண்டும் என்றது. நல்லது. ஆனால் கல்லூரி நிர்வாகத்திடம் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த நிர்வாகத்தின் மேல் சொல்லப்படும் புகாரை அவர் எந்தக் காதால் கேட்பார்?

சாதியை மனசுக்குள் இருக்கும் கோளாறாக மாற்றிவிட்டால் கல்லூரிக்கு லாபம். நோயாளி மாணவன், குற்றவாளி யாரும் இல்லை. இந்தக் கணக்கைத்தான் எதிர்க்கிறோம், வைத்தியத்தை அல்ல.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆலோசகர் நிர்வாகத்துக்கு வெளியே இருந்து வரவேண்டும். அவர்களில் நம் ஆட்களும் இருக்கவேண்டும். பிள்ளை சொன்னது அறையை விட்டு வெளியே போகக்கூடாது. சாதிப் புகார் என்றால், அந்தப் பிள்ளை சம்மதித்தால், சமவாய்ப்பு மையத்துக்குப் போய் விசாரணை நடக்கவேண்டும். உதவித்தொகை தேதி தவறாமல் வரவேண்டும். வீணை ஒலிக்கிற அறையில் பறையும் ஒலிக்கவேண்டும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கும் ஒண்ணு. ராத்திரி தாங்கமுடியாம போனா ஒத்தையா கிடக்காதீங்க. 14416-க்கு அடிங்க, காசில்லை. தோழர் ஒருத்தரை எழுப்புங்க. உங்க மனசு பலவீனமில்ல. அது மேல ஏறி நிக்கிற கனம் பெருசு. அந்தக் கனத்தை இறக்கச் சொல்லித்தான் சத்தம் போடுறோம். அதுக்கு நீங்க இருக்கணும்.