சக்கரம் முனகுகிறதா? காது கொடுத்துக் கேளுங்கள்!

"ஏங்க, வண்டி என்னமோ முனகற மாதிரி இல்லே?"

"ரோடு சரியில்லே, அதான். நீ பேசாம வா!"

கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும். நான் பெண்களின் காது பக்கம்தான் சாய்வேன். குக்கர் விசில் சத்தம் மாறினால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கிறோம். மிக்ஸி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இரைந்தால் உடனே நிறுத்துகிறோம். அதே காது காருக்குள்ளும் நம்மோடுதானே வருகிறது? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதிலிருந்து பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவது வரை எல்லாம் இந்த வண்டியில்தான். அதனால் இந்த முறை, சக்கரத்துக்குள் மறைந்திருக்கும் பேரிங்கைப் பற்றிப் பார்ப்போம்.

பேரிங் என்பது என்ன?

சைக்கிள் கடையில் கிரீஸ் பூசிய சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பால்ரஸ் என்று சொல்லிச் சிறுவர்கள் விளையாட எடுத்துக்கொண்டு ஓடுவார்களே, அதேதான். உள்ளே ஒரு எஃகு வளையம், வெளியே ஒரு எஃகு வளையம், நடுவில் இந்தக் குண்டுகள். குண்டுகள் உருள்வதால் உராய்வு குறைந்து சக்கரம் லேசாகச் சுற்றுகிறது. வண்டி அச்சில் குண்டுகளை வைக்கும் இந்த முறைக்கு 1794-லேயே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஃபிலிப் வான் என்பவர் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கோச்சு வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன், குண்டுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளைகளை வைத்து 1898-ல் காப்புரிமை வாங்கினார்.

பழைய கார்களில் பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து மறுபடி மாட்டுவார்கள். இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் இருபுறமும் சீல் வைத்து மூடிய பேரிங்தான். அதற்கு கிரீஸ் வைக்கவும் முடியாது, வைக்கவும் வேண்டாம். நன்றாக இருந்தால் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். தேய்ந்துவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

ஏன் கெடுகிறது?

முதல் எதிரி தண்ணீர். சேறு தெறித்தால் தாங்குகிற சீல், முழங்கால் ஆழத் தண்ணீரில் வண்டி நின்றால் தாங்காது. தண்ணீர் உள்ளே புகுந்தால் கிரீஸ் மோர் மாதிரி நீர்த்துப்போகும். குண்டுகளில் துருப் பிடிக்கும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது எத்தனை கார்கள் சக்கரம் மூழ்கி நின்றன! அப்படி மூழ்கிய வண்டியில் எஞ்சினை மட்டும் சரி பார்த்தால் போதாது. பேரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்து சில மாதங்கள் கழித்துக்கூட முனகல் ஆரம்பிக்கலாம்.

அடுத்தது, பள்ளத்தில் வேகமாக இறங்குவதும் நடைபாதைக் கல்லில் சக்கரத்தை இடிப்பதும். ஒரே அடியில் குண்டுகள் ஓடும் பாதையில் சின்னக் குழி விழுந்துவிடும். நாளாவட்டத்தில் அது பெரிதாகும்.

சத்தத்தை எப்படி அடையாளம் காண்பது?

மேலே சுற்றும் ஃபேனின் பேரிங் போனால் ஒரு கரகர இரைச்சல் வருமே, கிட்டத்தட்ட அதே ஜாதிதான். "ஊம்ம்ம்" என்று ஆரம்பித்து, வேகம் ஏற ஏற ஏறும். வேகம் குறைந்தால் தணியும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. வாகன நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், ஓட்டுபவர் ஒரு கணம் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வரட்டும். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது எஞ்சின் சத்தம் அல்ல. சக்கரத்துப் பக்கம்தான் ஏதோ இருக்கிறது. எஞ்சினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக்கூடாது.

2. தார் ரோட்டில் ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டில் வேறு மாதிரி கேட்டால் அநேகமாக டயர் சத்தம். ரோடு மாறியும் சத்தம் மாறாவிட்டால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

3. வளைவில் கவனியுங்கள். பஸ் இடது பக்கம் திரும்பும்போது நாம் வலது பக்கம் சாய்கிறோம் அல்லவா? காரின் பாரமும் அப்படித்தான் வலது சக்கரங்கள் மேல் சாயும். ஆகவே இடப்பக்கம் வளையும்போது முனகல் கூடினால் வலது சக்கரத்தையும், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது சக்கரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாக வரும். ஆனாலும் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்த பிறகே முடிவு கட்ட வேண்டும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் "டக் டக்" என்று கேட்டால் அது வேறு நோய். டிரைவ் ஷாஃப்டின் மூட்டைப் பார்க்க வேண்டும். பிரேக் அழுத்தும்போது மட்டும் கீச்சிட்டால் பிரேக் சமாசாரம். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தாலும் பேரிங்கை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அந்த சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது.

தூக்கிப் பார்ப்பது

இதற்கு விவரம் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைப் பார்ப்பதானால் கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஜாக்கியால் தூக்கிய பிறகு தாங்கியும் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டவே கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவையும் பின்னலையும் முடிந்துகொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12 மணி இருக்கும் இடத்தில் ஒரு கை, 6 மணி இடத்தில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். "லொடக்" என்று ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் போன்ற வேறு மூட்டுகள். 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்தால் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் கம்பியின் முனையைச் சோதிக்க வேண்டும்.

ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். ஒருவர் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் விரல்களை வைத்துப் பார்த்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு அம்மியில் மிளகு நொறுங்குவது மாதிரி விரலுக்குத் தெரியும். மறுபக்கச் சக்கரத்தையும் அப்படியே பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று புலப்படும்.

மாற்றும் வேலை

இது நாம் வீட்டில் செய்கிற வேலை அல்ல. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. சக்கரம், பிரேக் காலிப்பர், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் பேரிங்கை எட்ட முடியும். காலிப்பரை பிரேக் ஓஸில் தொங்கவிடக்கூடாது. கம்பி போட்டுக் கட்ட வேண்டும்.

சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒரே துண்டாக வரும். போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. மற்றவற்றில் பிரஸ் மெஷினால் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். இங்கேதான் சூட்சுமம். பேரிங்கை அதன் கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள் வளையத்துக்குத் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தாலோ சுத்தியலால் அடித்தாலோ அந்த அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் போகும்; புது பேரிங் கொஞ்ச நாளிலேயே முனக ஆரம்பிக்கும். கழற்றிய பழைய பேரிங்கைத் திரும்ப மாட்டவே கூடாது.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியவை:

* "எந்தப் பக்கம் போயிருக்கு? எனக்கும் சுத்திக் காட்டுங்க."
* "பிரஸ் மெஷின் இருக்கா, சுத்தியலா?"
* "காந்த வளையம் சென்சார் பக்கம் இருக்கான்னு பார்த்தீங்களா?"
* "ஆக்சில் நட்டைப் புதுசாப் போட்டு, டார்க் ரெஞ்சாலே கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்குவீங்களா?" நட்டை முறுக்காமல் வண்டியை உருட்டினால் புது பேரிங்கே பாழாகும்.
* "பழைய பேரிங்கை என்கிட்டே கொடுத்திடுங்க."

ஒரு பக்கம் போனதற்காக நான்கையும் மாற்ற வேண்டியதில்லை. மற்றவற்றைச் சோதித்துச் சொல்லச் சொன்னால் போதும். போலிப் பொருள்கள் நடமாடுவதால் பில்லோடு வாங்குங்கள். முன்சக்கர மூட்டுகளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மெண்ட்டும் பார்க்க வேண்டும். பிறகு முன்பு முனகிய அதே வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

"அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். முனகல் கரகரப்பாகி, பிறகு ஆட்டமாகும். முற்றிய நிலையில் சக்கரம் இறுகிக்கொள்ளவோ, கழன்று போகவோகூட வாய்ப்பு உண்டு. சக்கரம் ஆடுகிறது என்று தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி, மெக்கானிக்கை வரவழையுங்கள். வெறும் முனகல் என்றாலும், திருப்பதிக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ புறப்படும் முன் முடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் "ரோடு சரியில்லே" என்றால் கோபித்துக்கொள்ளாமல், நல்ல ரோடாகப் பார்த்து ஒரு நடை அழைத்துப் போய், "இப்ப கேளுங்க!" என்று சொல்லுங்கள்.