விரதமும் ஈரல் புற்றுநோயும்

“விரதம் இருந்தால் நல்ல கலங்கள் புற்றுநோய்க் கலங்களைத் தின்றுவிடும். இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசே கிடைத்தது.” இப்படியொரு செய்தி யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்தோர் மத்தியிலும் கைத்தொலைபேசிகளில் உலாவருகிறது. கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்கும் எமது சமூகத்துக்கு இது இனிக்கவே செய்யும். ஆனால் ஈரல் புற்றுநோயாளர் ஒருவர் இதனை நம்பிவிட்டால் விளைவு பாரதூரமானது.

யோஷினோரி ஓசுமி 2016 இல் நோபல் பரிசு பெற்றது உண்மையே. மதுவக் கலங்களில் அவர் ஆராய்ந்தது ‘தன்னுண்ணல்’ எனும் செயன்முறை. தமிழகத்தார் உயிரணு என்று சொல்லும் கலம், தனக்குள்ளே பழுதடைந்த பகுதிகளைப் பொதிந்து கரைத்து, அவற்றையே மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு கலம் மற்றொன்றைத் தின்பதன்று இது. விரதம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்காக அப்பரிசு வழங்கப்படவுமில்லை.

மதுவும் கொழுப்பும் ஈரலழற்சி வைரசும் ஈரற் கலங்களை நெருக்கடிக்குள்ளாக்கும்போது, இந்தத் துப்புரவுப் பணியே அவற்றைப் புற்றாக மாறாமற் காக்க உதவுகிறது. புற்று உருவானபின் நிலைமை தலைகீழாகலாம். ஒட்சிசனும் உணவும் குறைந்த கட்டியின் உள்ளே, புற்றுக் கலங்கள் அதே தன்னுண்ணலால் உயிர்பிழைத்துக்கொள்கின்றன. ஆகவேதான் இச்செயலைத் தடுக்கும் நோக்கில், மலேரியா மருந்தான ஹைட்ரொக்சிகுளோரோகுயினை ஆய்வாளர்கள் புற்றுநோயாளரிடம் பரிசோதித்துள்ளனர். துடைப்பம் ஒன்றுதான், அது வீட்டுக்காரர் கையிலா, திருடன் கையிலா என்பதே கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஈரல் புற்றுநோயாளரிற் பலருக்கு ஈரல் ஏற்கெனவே சுருங்கி இறுகியிருக்கும். அத்தகைய ஈரலாற் சக்தியைப் போதியளவு சேமிக்க முடியாது. பட்டினி நீண்டால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். அதனாலேயே, ஈரல் சுருங்கியோர் படுக்குமுன் சிறிதளவு உண்ணவேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். தசை கரைந்தவருக்குச் சிகிச்சையைத் தாங்கும் வலுவும் குறைகிறது.

நாம் செய்யக்கூடியவை வேறு. ஈரலழற்சி பி தடுப்பூசி 2003 முதல் இலங்கையின் தேசியத் திட்டத்தில் உள்ளது. அதற்கு முன் பிறந்தோர், தமக்கு அது தேவையா என மருத்துவரிடம் கேட்கலாம். சாராயத்தையும் கசிப்பையும் விடலாம். நீரிழிவையும் உடற்பருமனையும் கட்டுப்படுத்தலாம்.

2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதன் வாசலுக்குச் செல்லவேண்டிய ஒருவரை, ஒரு குறுஞ்செய்தி வீட்டில் பட்டினி கிடக்க வைக்கக்கூடாது. விரதம் முருகனுக்காக இருக்கட்டும். நோய்க்கு மருத்துவம் இருக்கட்டும். நோயாளி உண்ணாதிருப்பதை முருகனும் கேட்கமாட்டான்.