எண்ணெய்ப் பணமும் செக்ரோல் கணக்கும்

நாட்டில் எண்ணெய் இருக்கிறது, அதனால் நாடு செழிக்கிறது என்று மேடைதோறும் சொல்லக் கேட்டு வருகிறோம். நாடு செழிப்பதில் நமக்கு மறுப்பு ஏது? ஆனால் எண்ணெய் விலை ஏறும்போது அந்தச் செழிப்பு யார் வீட்டுக்குப் போகிறது, இறங்கும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது என்று தோட்டப் பாட்டாளி கேட்டால் மட்டும், அது பெரிய பொருளாதாரம், உங்களுக்கு விளங்காது என்கிறார்கள். விலை ஏற்ற இறக்கம் என்றால் என்னவென்று நமக்கா விளங்காது?

ரப்பர் விலையோடு கூலியைக் கட்டிப்போட்டுப் பிழைத்த பரம்பரை நம்முடையது. 1950-51இல் கொரியப் போரினால் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. விலை சரிந்தபோது போர்கூட முடிந்திருக்கவில்லை. அதற்குள் கூலிக் குறைப்புப் பேச்சு வந்துவிட்டது. எண்ணெய்க்கும் நமக்கும் உள்ள உறவும் பழையதுதான். செயற்கை ரப்பர் பெட்ரோலியத்தின் பிள்ளை. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும், நம் ரப்பர் கிடைக்காத அமெரிக்கா அரசாங்கப் பணத்திலேயே செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. அது முதல் எண்ணெய் மலிந்தால் செயற்கை ரப்பர் மலியும். அது மலிந்தால் நம் வாளிப் பாலின் விலையும் இறங்கும். வெட்டுக்காட்டில் நிற்பவனுக்கு எண்ணெய் விலை எட்டாத சங்கதி அல்ல.

1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்து, நாட்டின் எண்ணெய் வளம் பெட்ரோனாஸ் கைக்கு வந்தது. நல்ல காரியம். அந்நியக் கம்பெனி அள்ளிக்கொண்டு போவதைவிட நாட்டின் கம்பெனி வைத்திருப்பது மேல். 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி கம்பெனியை நம் நாட்டு நிறுவனம் வாங்கியதையும் நம் பெரியவர்கள் பெருமையாகச் சொன்னதுண்டு. (துரை மாறினார், தினக்கூலி மாறவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள்.) ஆகவே எண்ணெய் யாருடையது என்பதோடு கேள்வி நின்றுவிடாது. வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

2009இல் மத்திய அரசாங்கத்தின் வருமானத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 வெள்ளி எண்ணெய் வழியாக வந்தது. ஒரே மரத்தை நம்பி ஒரு குடும்பம் பிழைப்பது போன்ற நிலைமை இது. எண்ணெய்ப் பணம் பாய்ந்த காலத்தில் கம்பெனிகளின் வருமான வரி படிப்படியாக இறங்கியது: 1988இல் 40 விழுக்காடு, 1998இல் 28, 2009இல் 25. கிணறு சுரக்கிறது, முதலாளிமாரிடம் ஏன் கேட்க வேண்டும் என்ற தாராளம்!

பிறகு 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. பள்ளத்தை யார் நிரப்பியது? 2015 ஏப்ரல் 1ஆம் தேதி பொருள் சேவை வரி 6 விழுக்காடு என்று வந்தது. சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும் நாம் கட்டினோம். அரிசிக்கு இல்லை என்றார்கள். சோற்றை மட்டும் தின்று வாழ்கிறவன் யார்? அதற்கு மறு வருடமே, 2016இல், கம்பெனி வரி 25இலிருந்து 24 ஆகக் குறைந்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எண்ணெய் வறண்ட வேளையிலும் சலுகை மேலே போனது, சுமை கீழே வந்தது.

கதை இன்னும் இருக்கிறது. 2018இல் அந்த வரி எடுக்கப்பட்டது. 2019இல் பெட்ரோனாஸ் வழக்கமான லாபப் பங்குக்கு மேல் 3,000 கோடி வெள்ளி தனியாகக் கொடுத்தது. திருப்பித் தராமல் நிலுவையில் கிடந்த வரிப் பணத்தைத் தீர்க்க அது போயிற்று. கடன் கடன்தான், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பொருள் சேவை வரியில் கம்பெனிக்குத் திரும்பி வர வழி உண்டு. கடைசியில் சாமான் வாங்கி வரியைச் சுமந்த நமக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

இனி சேமிப்பைப் பார்ப்போம். நம் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குப் பிடிப்பது சட்டம். மாதா மாதம் அந்தக் கட்டத்தை நிரப்புகிற கிராணிகளுக்குத் தெரியும், ஒரு காசு குறையக்கூடாது. நாட்டுக்கும் ஒரு சேமநிதி உண்டு: 1988இல் வைத்த தேசிய அறக்கட்டளை நிதி. எண்ணெய் தீர்ந்த பிறகு வரும் தலைமுறைக்கென்று வைத்தது. அதில் பெட்ரோனாஸ் போடுவது விருப்பத்தின் பேரில்! 2021இல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் அந்த நிதியிலிருந்து 500 கோடி வெள்ளி தடுப்பூசிக்காக எடுக்கப்பட்டது. தடுப்பூசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எடுப்பதற்குச் சட்டம் பிறக்கிறது, போடுவதற்குப் பிறக்கவில்லை.

பெட்ரோல் மானியத்தைத் திருத்துவதை நாம் எதிர்க்கவில்லை. இரண்டு மூன்று கார் வைத்திருப்பவர்தான், ஒரு மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருபவனைவிட அதிகம் அனுபவித்தார். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்றும், மற்றவர்களுக்கு 2 வெள்ளி 60 காசு என்றும் தொடங்கினார்கள். நம்மோடு நிரை பிடித்து வெட்டும் வங்காளதேசத்துச் சகோதரன் அந்த ‘மற்றவர்’ பட்டியலில் சேர்கிறான். அவன் வெட்டும் மரத்தின் லாபத்துக்குக் குடியுரிமை கேட்கப்படுவதில்லை.

எண்ணெய் வருமானத்தில் இத்தனை விழுக்காடு தேசிய நிதிக்குப் போக வேண்டும் என்று சட்டம் வேண்டும். எண்ணெய் இறங்கும் ஆண்டில் கடை வரியைத் தொடும் முன் கம்பெனி வரியைத் தொட வேண்டும். இந்த இரண்டையும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் கிளைக் கூட்டங்களில் தீர்மானமாக எழுதி, செயலகத்துக்கும் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். எழுதித் தர ஆள் இல்லாத கிளைகளுக்கு நாம் எழுதித் தருகிறோம்.