பழைய ராட்டினத்தில் ஏற வேண்டியவர்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1955 ஜூலையில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில், முதல் நாளிலிருந்தே ஓடும் ராட்டினங்கள் சில இன்றும் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக இத்தகைய பழைய விளையாட்டுகளில் எதை மாற்றலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஓர் எதிர்ப்பும் கூடவே எழுகிறது: படகை மாற்றினால், வாசலை அகலப்படுத்தினால் தாத்தா பேரனைக் கூட்டிவந்து காட்டும் அந்தப் பழைய அனுபவமே போய்விடும் என்கிறார்கள். இந்தப் பாசம் உண்மையானது, மதிக்க வேண்டியதும்கூட. ஆனால் 1955இல் பத்து வயதில் அங்கே போன சிறுவனுக்கு இன்று எண்பது வயதாவது இருக்கும். அந்த நினைவுகளுக்கு முதல் உரிமைக்காரர் அவர்தான். படியேற முடியாமல் வெளியே நிற்க நேர்வதும் பெரும்பாலும் அவருக்குத்தான். பழமையைக் காப்பதும் பாதையைத் திறப்பதும் எதிரெதிர் வேலைகள் என்று நினைப்பதே தவறு.

பழையது பழையபடியே இருக்கிறது என்ற நம்பிக்கையும் சரியல்ல. அங்குள்ள ‘கிங் ஆர்தர்’ குடைராட்டினத்தையே பார்க்கலாம். டிஸ்னிலேண்ட் பிறப்பதற்கு முன்பே அது கனடாவின் டொராண்டோவில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது அதில் குதிரைகளோடு வேறு விலங்குகளும், உட்கார்ந்து சுற்றுவதற்கான பெஞ்சுகளும் இருந்தன. எல்லாமே பாய்ந்தோடும் குதிரைகளாக இருக்க வேண்டும் என்று வால்ட் டிஸ்னி விரும்பியதால் பெஞ்சுகள் கழற்றப்பட்டு, அவற்றின் மரவேலைப்பாடுகள் ‘கேசி ஜூனியர்’ குட்டி ரயிலுக்குப் போயின. 2003இல் நடந்த புதுப்பிப்பில் சில குதிரைகளை எடுத்துவிட்டு, குதிரைமேல் ஏற முடியாதவர்களுக்காக ஒரு பெஞ்சை வைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக நுழைந்த அந்நியப் பொருளாகச் சிலருக்குத் தோன்றும் அந்த இருக்கை, உண்மையில் ராட்டினத்தின் பழைய வடிவத்துக்குத்தான் நெருக்கமானது.

மற்ற காரணங்களுக்காகக் கைவைக்கும்போது நிர்வாகம் இவ்வளவு தயங்குவதில்லை. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ என்ற பொம்மை உலகப் படகுப் பயணம் 1966இல் இங்கே வந்தது. 2008இல் அதை நீண்ட நாள் மூடி, கால்வாயையும் படகுகளையும் மாற்றினார்கள்; டிஸ்னி திரைப்பாத்திரங்களைப் பொம்மைகளுக்கு நடுவே சேர்த்தார்கள். 1967இல் தொடங்கிய ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படகுப் பயணத்தில், பெண்களை ஏலம் விடும் காட்சியை 2018இல் மாற்றினார்கள். நல்ல முடிவுதான். அதே பயணத்துக்கு, சக்கர நாற்காலியில் வருபவர் நாற்காலியை விட்டு இறங்கித்தான் படகில் ஏறியாக வேண்டும். படகு சரேலென்று கீழே சரியும் இடங்கள் வழியில் இருப்பதால், ‘ஸ்மால் வேர்ல்ட்’ போல நாற்காலியோடே ஏற்றிச் செல்வது இங்கே ஆபத்து என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகள் நாற்காலியோடு ஏறுவதை மட்டுமே வழியாகச் சொல்லவில்லை. எளிதில் மாறி உட்காரும்படி அமைந்த இருக்கையோ, ஆளைத் தூக்கி அமர்த்தும் கருவியோ இருந்தாலும் போதும் என்கின்றன. கடற்கொள்ளையர் கதையில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் செய்யக்கூடிய வேலை இது.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம்தான் கனமானது. ராட்டினம் நடுவழியில் நின்றுவிட்டால், நடக்க முடியாதவரை எப்படி வெளியே கொண்டுவருவது? 2009இல் ‘ஸ்மால் வேர்ல்ட்’ பழுதாகி நின்றபோது இதுவே நடந்தது. மற்ற பயணிகள் வெளியேற்றப்பட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் உள்ளேயே சிக்கிக்கொண்டார். அவருக்கு 8,000 டாலர் இழப்பீடு தரும்படி 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்றிக்கொள்வது பாதி வேலை, இறக்குவதற்கான ஏற்பாடுதான் மீதி என்பதற்கு இது சான்றாகும். ஏற்றவே கூடாது என்பதற்கு ஆகாது. அவசர வழியில் மேடை அமைப்பதும் ஊழியர்களைப் பழக்குவதும் பார்வையாளர் கண்ணில் படாத செலவுகள். அவற்றால் எந்தப் பழமையும் குலைவதில்லை.

உண்மையிலேயே இடிக்காமல் மாற்ற முடியாத இடங்களும் உண்டு. தூங்கும் அழகியின் கோட்டைக்குள் 1957இல் திறந்த காட்சி நடைவழியில் குறுகிய படிகளில்தான் ஏற வேண்டும். 2008இல் அதைத் திரும்பத் திறந்தபோது, ஏற முடியாதவர்கள் அதே காட்சிகளைத் திரையில் காணத் தரைத்தளத்தில் ஓர் அறை அமைத்தார்கள். நீர்மூழ்கிப் பயணத்துக்கும் இப்படியோர் அறை இருக்கிறது. ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் பிள்ளைகள் மேலே ஏறிப்போக, அப்பா கீழே தனியாகத் திரையைப் பார்க்கிறார். சேர்ந்து பார்ப்பதற்காகத்தானே வந்தார்கள்? அதனால் திரையறை கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், செலவைத் தவிர்க்கும் குறுக்குவழியாக அல்ல. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் பழைய கட்டடங்களை உடனே இடிக்கச் சொல்லவில்லை. பெரிய சிரமமும் செலவும் இல்லாமல் நீக்கக்கூடிய தடைகளை நீக்கச் சொல்கிறது. மாற்றிக் கட்டும்போது அந்தப் பகுதியை இயன்றவரை எல்லோரும் அணுகும்படி அமைக்கச் சொல்கிறது. ஆகவே கேட்க வேண்டியது புதுப்பிப்புக்காக ஒரு ராட்டினம் மூடப்படும் வேளையில்தான். வண்ணப்பூச்சுக்கும் புதுப் பொம்மைகளுக்கும் பணம் ஒதுக்கும் அதே திட்டத்தில், ஏறும் துறைக்கும் அவசர வழிக்கும் ஒதுக்கியது என்ன என்பதை நிர்வாகம் அறிவிக்கட்டும். வரைபடம் முடிவாவதற்கு முன்பே சக்கர நாற்காலியில் வருபவர்களை அழைத்து, ஏறியும் இறங்கியும் பார்க்கச் சொல்லட்டும்.