சாயத்தொட்டிக்கு எட்டாத மருத்துவம்

திருப்பூர்ச் சாயப்பட்டறையொன்றில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர், ஒருநாள் தம் சிறுநீர் செந்நிறமாய் இறங்கக் கண்டால் என்ன எண்ணுவார்? வலியில்லை, காய்ச்சலில்லை. உடற்சூடு என்பார், இளநீர் இரண்டு குடிப்பார், மறுநாள் தெளிந்துவிட்டால் மறந்தும் விடுவார். வலியின்றி வரும் அக்குருதியே சிறுநீர்ப்பைப் புற்றின் முதல் அறிகுறியாகலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர் மொழியிற் சொல்லாதவரை, அவர் அதனை அறிய வழியேது?

சாயத்திற்கும் சிறுநீர்ப்பைக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று அறியப்பட்டதன்று. 1895ஆம் ஆண்டிலேயே செருமானிய அறுவை மருத்துவர் இலூத்விக் இரேன், சாயத் தொழிற்சாலை உழைப்பாளரிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு வெளியிட்டார். பென்சிடின் வழிவந்த சாயங்கள் உடலுட் புகுந்து சிதைந்து, மீண்டும் பென்சிடினாகிச் சிறுநீரோடு கலந்து, அப்பையின் உட்சுவரைக் கெடுக்கின்றன. நோய் தலைகாட்ட இருபதாண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் பட்டறையும் மாறியிருக்கும், முதலாளியும் மாறியிருப்பார். இந்நோய்க்குப் புகையிலையே முதற்பெருங் கரணியம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின், புகைப்பவருக்குப் பெட்டியிற் படம் போட்டு எச்சரிக்கும் அரசு, சாயம் கரைப்பவருக்கு என்ன போட்டது?

தோலிற் படும் துணிகளில் இத்தகு சாயங்களைச் செருமனி 1994இல் சட்டமிட்டுத் தடுத்தது. இந்திய அரசும் 1993இலும் 1997இலுமாக 112 சாயங்களைத் தடைசெய்தது. நன்றே. ஆனால் செருமானியச் சட்டம் காத்தது அணிபவர் தோலை. துணி ஆய்வகத்திற்குச் சென்றது. அதனைத் தொட்டியில் முக்கியெடுத்தவர் சென்றாரா?

இனி மருந்தைப் பார்ப்போம். சிறுநீர்ப்பைப் புற்று தசைக்குள் இறங்குமுன் கண்டறியப்பட்டால், கட்டியைச் சுரண்டி எடுத்தபின், என்புருக்கி நோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யையே கிழமைக்கொருமுறையாக ஆறு கிழமை அப்பைக்குள் செலுத்துகின்றனர். வலுக்குன்றிய அந்நுண்ணுயிரியைக் கண்டு உடலின் காவற்படை சினந்தெழுந்து, எஞ்சிய புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது. கனடா நாட்டு மருத்துவர் ஆல்வரோ மொராலசு 1976இல் இதன் பயனை வெளியிட்டார். நோயெதிர்ப்பு மருத்துவம் என்று உலகம் இன்று வியந்து பேசும் முறைக்கு இது மூத்த உடன்பிறப்பு. பி.சி.ஜி. ஆக்கும் ஆய்வகமோ சென்னைக் கிண்டியிலேயே 1948இல் நிறுவப்பட்டது!

புதிய மருந்துகளும் வந்துள்ளன. புற்றணு உடற்காவலர்க்குப் பூட்டும் தளையை அறுக்க வழிகண்ட ஆலிசனும் ஓஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர்; முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் அவ்வகை மருந்துகள் தரப்படுகின்றன. நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்துப் படைக்கலம் பூட்டித் திருப்பிச் செலுத்தும் முறையில், மும்பையில் உருவான மருந்தொன்று குருதிப் புற்றுக்காக 2023இல் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவிற் கோடிக்கணக்கில் ஆவது இங்கே முப்பது நாற்பது இலக்க உருபாவாம். மலிவு! நாட்கூலிக்காரருக்கு இரண்டும் ஒன்றே. பி.சி.ஜி. அத்துணை விலையுடையதன்று. அதற்கு வேண்டியது காலத்தே வருதல். காலத்தே வர வேண்டியது அறிதல்.

அறியவிடுவதுண்டோ? மருத்துவமனைகள் பலவற்றில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதற்றாள் நீட்டப்படுகிறது. தமிழர் தமக்கு விளங்காத தாளிற் கையொப்பமிடுகிறார். தமிழிற் சொல்லில்லை என்பார் சிலர். சிறுநீர்ப்பை, புற்றணு, நோயெதிர்ப்பாற்றல் — இவற்றுள் எது விளங்கவில்லை? 'இம்யூனோதெரபி' என்றதும் சாயப்பட்டறைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டதோ?

சாயப் பீப்பாய்தோறும் அதிலுள்ள பொருளும் அதன் தீங்கும் தமிழில் எழுதப்படல் வேண்டும். பட்டறை வாயிலில் ஒரு பலகை வேண்டும்: "சிறுநீரிற் குருதி கண்டால், வலியில்லை என்று இருந்துவிடாதீர், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள், சாயவேலை செய்ததைச் சொல்லுங்கள்." பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்துழைப்போருக்கு அவரவர் மொழியிலும் அது எழுதப்படட்டும், தம் தாய்மொழியைக் காப்போர் பிறர் தாய்மொழியை மறுப்பவரல்லர். ஆண்டுக்கொருமுறை சிறுநீர் ஆய்வை அரசே நடத்துதல் வேண்டும். வேலையினின்று நின்று ஊர் திரும்பியவர்களையும் பழைய தொழிலாளர் பதிவேடுகளைப் புரட்டித் தேடி அழைத்தல் வேண்டும். 1980களில் தொட்டியருகே நின்றவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகின்றன.