நீர்மூழ்கி மோட்டாரும் சீலின் மீது விழும் பழியும்

திண்டுக்கல் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இழுத்தெடுத்த நீர்மூழ்கி மோட்டார் எரிந்திருந்தால், சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே இறங்கியதால்தான் காயில் போயிற்று என்ற விளக்கமே பரவலாகச் சொல்லப்படுகிறது. சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி அமைந்த அடைப்பு. அது தேய்வதுண்டு, மணல் கலந்த கிணற்றில் விரைவாகவே தேய்வதுண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விளக்கத்தைத் தாங்கி நிற்கும் அனுமானங்கள் எதுவும் முழுமையாக நிலைக்கவில்லை.

முதலாவது, உள்ளே தண்ணீர் இருப்பதே பழுது என்பது. நீர் நிரப்பிய மோட்டாரில் காயில் கம்பி நீர் புகாத பிளாஸ்டிக் உறையோடு அமைவதால், கிணற்றில் இறக்கும் முன் சுத்தமான தண்ணீரை நிரப்புவதே முறை. அந்நீர் சூட்டை வெளியேற்றுவதோடு பேரிங்குகளுக்கு மசகாகவும் பயன்படுகிறது. இவ்வகையில் சீலின் முதன்மைப் பணி மணலைத் தடுப்பதே என்பதால், தண்ணீர் இருந்ததா என்பதைவிட அது கலங்கியிருந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இரண்டாவது, தண்ணீர் புகுந்தால் அது சீல் வழியாகவே புகும் என்பது. எண்ணெய் நிரப்பிய மோட்டாரில் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது நீர் கலந்ததைக் காட்டுமேயன்றி அது வந்த வழியைக் காட்டாது. கேபிள் நுழையும் இடத்து ரப்பர், நிரப்புத் திருகின் வாஷர், உறைகள் சேருமிடத்து ஓ-ரிங், சூட்டில் விரியும் எண்ணெய்க்கு இடந்தரும் டயஃப்ரம் என்னும் ரப்பர்த் தகடு ஆகிய எதுவும் கசியக்கூடும். குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, தொட்டி நீரில் அமிழ்த்தி, தண்டை மெல்லச் சுழற்றிப் பார்த்தால், குமிழி எழும் இடமே கசிவிடத்தைக் காட்டிவிடும். தண்டு நிற்கையில் அடைத்திருக்கும் சீல் சுழல்கையில் கசியலாம் என்பதால் சுழற்றாத சோதனை அரைச்சோதனையே.

மூன்றாவது, மின்காப்பை அளக்கும் மெகர் குறைவாகக் காட்டினால் மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்பது. கிணற்றுக்குள் மூழ்கிக் கிடக்கும் கேபிள் ஜாயிண்ட் நீர் ஏற்றாலும் அதே அளவு கிடைக்கும் என்பதால், ஜாயிண்டைப் பிரித்து, கேபிளையும் மோட்டாரையும் தனித்தனியே அளக்காமல் முடிவு கூறலாகாது.

நான்காவது, எரிந்த காயிலே நீர்க்கசிவுக்குச் சான்று என்பது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்து மோட்டார் ஓடியிருந்தால், ஸ்டார் இணைப்பில் இரு முனைகளின் காயில்கள் கருகி மூன்றாவது தப்பியிருக்கும். டெல்டா இணைப்பில் ஒன்று மட்டும் கருகும். காயில் முழுதும் ஒரே சீராகக் கருத்திருப்பது மிகைச்சுமையையோ, தாழ்ந்த மின்னழுத்தத்தையோ, குளிர்விக்க நீரின்றி ஓடியதையோ சுட்டும். நீர் நிற்கும் இடம் பாறை வெடிப்புகளாகவே இருக்கும் இச்சமவெளியில், கோடையில் நீர்மட்டம் பம்புக்குக் கீழே இறங்குவது அரிதன்று. அத்தகைய ஓட்டத்தைச் சீல் மாற்றித் தடுக்க இயலாது. காப்பு ஒரு புள்ளியில் மட்டும் துளைபட்டிருக்கும்போதே நீர்க்கசிவு என்ற ஐயம் வலுப்பெறுகிறது.

ஆகவே, காயில் கட்டக் கொடுக்கும் முன் மோட்டாரின் வகை, எரிந்த வடிவம், தனித்தனி மெகர் அளவு, கசிவிடம் ஆகிய நான்கும் குறிக்கப்பட வேண்டும். இல்லையேல் புதிய சீலோடு இறங்கும் மோட்டார் பழைய காரணத்தாலேயே மீண்டும் எரியும்.