உழைத்தவர் மூளைக்கும் ஒரு படம் வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கும் உலைகளின் முன்னும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களிலும், பழைய பாட்டரிகளிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஆலைகளிலும் இளமையில் வேலைக்குச் சேர்ந்த ஒரு தலைமுறையினர் இன்று அறுபது வயதை எட்டியும் கடந்தும் நிற்கிறார்கள். அவர்களுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளப்பதற்கு, 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் புண்ணியத்தால், வீட்டு வாசலுக்கே ஊழியர் வருகிறார். ஆனால் இத்தனை ஆண்டுக்கால உழைப்புக்குப் பின் அவர்களுடைய மூளை எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி நம் பொதுவாழ்வில் எழுவதே இல்லை. மூளையின் மூப்பைப் படம்பிடித்து ஆராயும் விஞ்ஞானம் பெருநகரத்து ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிடாமல் இத்தொழிற்பேட்டையின் வாசலுக்கும் வரவேண்டும் என்பதே என் கோரிக்கை.

இது அவசரமில்லாத விஷயம் என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் இருந்த அறுபது வயது கடந்தோர், 2031இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேராகப் பெருகுவர் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. இந்தியா முழுவதிலும் அறுபது வயதுக்கு மேற்பட்டவரில் 7.4 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதிநோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும் அது மிகுதி என்றும் அவ்வாய்வு தெரிவித்தது. இவ்வளவு பெருவாரியான துன்பத்தை, வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வது அன்பினால் நேர்வதாயினும், சிகிச்சை பெறவேண்டிய காலத்தை வீணே கழியவிடுகிறது.

ஒரு நூற்றாண்டுக்கு முன் மூளையின் நோயைக் கண்ணாற் காண்பதற்கு மனிதன் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்ஸ்ஹைமர், தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்த பிறகே, இன்று அவர் பெயரால் வழங்கும் வியாதியை உலகுக்கு எடுத்துரைத்தார். 1971இல் சி.டி. ஸ்கேன் வந்தது; அதனைப் பின்தொடர்ந்து, காந்தப் புலத்தைக் கொண்டு உறுப்புகளைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்பொருளில் எங்கெங்கே சிதைவின் தழும்புகள் தோன்றியிருக்கின்றன, நோயாளியே அறியாமல் எத்தனை சிறு பக்கவாதங்கள் வந்து போயிருக்கின்றன என்பனவற்றை, உயிரோடிருக்கும் மனிதனிடத்தில், அவன் உடம்பிற் கத்தி படாமல், இன்று காணமுடிகிறது.

இவ்வித்தை உழைப்பாளருக்கு விசேஷமாகப் பயன்படக்கூடியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நினைவாற்றலைச் சோதிக்கும் வழக்கமான வினாக்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் சென்றவரை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. தேதியைச் சொல், நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று கேட்டால், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே அதன் பக்குவத்தைச் சொல்லும் தேர்ச்சியை அடைந்த ஒருவர் அச்சோதனையில் தோற்றுப்போகலாம். அதனால் அவருக்கு நோய் இருக்கிறதென்றும் ஆகாது, தேறியவருக்கு நோய் இல்லையென்றும் ஆகாது. மூளைப்படம் எழுத்தறிவைக் கேட்பதில்லை. படம் மட்டுமே நோயை நிர்ணயித்துவிடாது என்பது மெய்யே. ஆயினும், வினாக்களும் குடும்பத்தாரின் வாக்குமூலமும் சொல்வதோடு அது சேரும்பொழுது, படிக்காதவருக்கும் படித்தவருக்கும் சமமான நியாயம் கிடைக்கிறது.

உலகம் இவ்வழியில் வெகுதூரம் சென்றிருக்கிறது. பிரிட்டனில் பயோபேங்க் என்னும் ஸ்தாபனம் 2014இல் தொடங்கி ஒரு லட்சம் பேரின் உடலையும் மூளையையும் படமெடுக்கும் பெருமுயற்சியை 2025இல் முடித்தது. நம் நாட்டிலும், பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில் பதினாயிரம் கிராமவாசிகளை ஆண்டாண்டாகத் தொடர்ந்து ஆராயும் திட்டத்தை மேற்கொண்டு, அதில் மூளைப்படத்தையும் சேர்த்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், பிறவாத சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 2024இல் உலகனைத்தும் பார்க்கும்படி வெளியிட்டது. மனித மூளை உருவாகும் விதத்தை இத்துணை நுட்பமாகக் காட்டிய நகரத்திலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், அது உழைத்துத் தேயும் விதத்தையும் ஆராய வேண்டிய இடம் இருக்கிறது. நகரத்தார் ஆராயப்படுகிறார்கள், உழவர் ஆராயப்படுகிறார்கள்; இடையில் நிற்கும் ஆலைத் தொழிலாளியும் அந்த வரிசையில் வந்து சேரவேண்டும்.

அவருடைய மூளை மற்றவர் மூளையைப் போலவே மூப்படைகிறது என்று கொள்வது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. ஈயத்தையே எடுத்துக்கொள்வோம். மூச்சிலும் உணவிலும் புகுந்த ஈயம் இரத்தத்திலிருந்து சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் அதன் பெரும்பகுதி எலும்பிற் குடியேறிப் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும். முதுமையில் எலும்பு தேயும்போது, பஞ்ச காலத்தில் குதிர் திறக்கப்படுவதுபோல, அந்த நஞ்சு மறுபடியும் இரத்தத்தில் வந்து கலக்கும். ஈயக் கூட்டுப்பொருள் செய்யும் அமெரிக்க ஆலையொன்றில் முன்பு பணிபுரிந்த 532 பேரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், அவர்கள் வேலையை விட்டுச் சராசரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், எலும்பில் ஈயம் மிகுந்தவர்களின் மூளை பருமன் குறைந்தும், வெண்பொருளில் சிதைவு மிகுந்தும் காணப்பட்டது. ஈய நஞ்சு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய் அட்டவணையிலேயே இடம்பெற்றது. ஆனால் ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிப்படும் தீங்கை எந்த ஆலையின் பதிவேடும் குறித்துவைப்பதில்லை.

ஈயத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. தக்க நடவடிக்கைகளை எடுத்தால் உலகின் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் பத்திரிகையின் வல்லுநர் குழு அறிவித்து, அதற்குரிய பதினான்கு காரணங்களை வரிசைப்படுத்தியது. செவிப்புலன் குறைதல், தலையில் அடிபடுதல், காற்று மாசு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, பள்ளிப்படிப்பின் குறைவு, மது, புகை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். ரோலிங் மில்லின் இரைச்சலையும், உயரத்திலிருந்து விழும் ஆபத்தையும், உலைப் புகையையும், இரவு ஷிப்டையும், ஊரையும் உறவையும் விட்டு ஒற்றை அறையில் நால்வரோடு தங்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளரின் வாழ்வையும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, அந்தப் பட்டியல் இவ்வட்டாரத்தைக் கண்ணெதிரே வைத்து எழுதப்பட்டதுபோலவே தோன்றும்.

மறதிநோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லாதபோது, கோடிக்கணக்கில் செலவழித்துப் படமெடுப்பதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு விடையைப் படங்களே தந்திருக்கின்றன. இரத்த அழுத்தத்தை வழக்கத்தைவிடக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களின் மூளையில் வெண்பொருட் சிதைவு மெதுவாகவே பெருகிற்று என்பதை 2019இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சி எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு மெய்ப்பித்தது. எளிய மாத்திரையின் பயன் மூளையின் உள்ளே எழுதப்பட்டிருப்பதைக் காட்டியது அந்த விலையுயர்ந்த படமே. மேலும், ஒவ்வொரு தொழிலாளியையும் படமெடுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. தக்க முறையில் தேர்ந்தெடுத்த சில நூறு பேரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்ப்பதே போதும். அங்கே தெளிவாகும் உண்மை பல்லாயிரம் பேருக்குப் பயன்படும்.

ஆயினும் சில நிபந்தனைகள் இன்றி இக்காரியத்தில் இறங்கலாகாது. முதலாவது, படத்தில் தெரிவது தொழிலாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் மட்டுமே உரியதாதல் வேண்டும். வேலையை விட்டு நீக்குவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது. இரண்டாவது, கம்பெனியின் நிரந்தர ஊழியரோடு நின்றுவிடாமல், கான்ட்ராக்டில் வந்தவரையும், ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாதவரையும், ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களையும் ஆய்வு சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்தவரின் கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு புதைந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அதனை அசைத்துப் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆகையால் அவர்களுக்கு முன்னதாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் கட்டாயம். உழைப்பாளரின் சரீரத்தை அறிந்தவர்களே உழைப்பாளரை ஆராயத் தகுந்தவர்கள் என்பதற்கு இது ஒன்றே சான்று.

2022இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இம்மாவட்டத்துக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். அக்கல்லூரியும், சென்னை ஐ.ஐ.டி.யும், ஈ.எஸ்.ஐ. கழகமும், தொழிலகப் பாதுகாப்புத் துறையும் ஒன்றுகூடி, இத்தொழிற்பேட்டையில் உழைத்தவர்களின் வேலை வரலாற்றையும், செவித்திறனையும், இரத்த ஈய அளவையும், மூளைப்படத்தையும் ஒரே ஏட்டில் சேர்த்துப் பதினைந்தாண்டுகளேனும் தொடரும் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும். அதற்குரிய பணத்தில் ஒரு பகுதியை அவர்களுடைய உழைப்பினால் வளர்ந்த தொழில் நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, ஆய்வின் முடிவில் தலையிடும் உரிமை ஏதுமின்றி, அளிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும், சொல்ல வேண்டிய சாட்சியம் நினைவிலிருந்தே அழிந்துபோகும் மனிதர்களின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. மாவட்ட நிர்வாகமும் சுகாதார அமைச்சகமும் வரும் நிதியாண்டிலேயே இதற்கு முதற்படி எடுத்துவைக்க வேண்டுமென்று வலியுறுத்துகிறேன்.